ஐந்தாவது முடிவுக்குறி

ஓர் ஆவணம் இல்லை என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு? முப்பத்து மூன்று ஆண்டுகள் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையிலும் அதையொட்டிய மேசைகளிலும் வேலை பார்த்தவள் நான். இருக்கிற ஆவணத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பதே என் பணி என்று நினைத்திருந்தேன். இல்லை என்று சொல்வது அதே பணியின் மறுபாதி என்பதும், அந்தப் பாதியை ஒருநாள் யோசிக்காமல் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டேன் என்பதும் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தன.

இதை இப்போது எழுதக் காரணம் ரம்யா. நான் கடைசியாக இருந்த இருக்கையில் இன்று இருக்கும் உதவியாளர் அவர். சென்ற மாதம் கைபேசியில் அழைத்தார்.

"மேடம், நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன டவுட்டு."

"சொல்லும்மா."

"நீங்க செஞ்ச கம்ப்யூட்டர் ஆப்பை விழுப்புரத்துல புதுசா மாத்தறாங்க. கோப்பு நிலைன்னு ஒரு லிஸ்ட்டு இருக்குது இல்ல, அதுல அஞ்சாவதா 'அசலாகத் திருப்பியது'ன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்க. அதை யாரும் தொடறதே இல்லையாம். எடுத்துட்டா ஸ்கிரீன் நீட்டா இருக்கும்ன்றாங்க. எடுத்துடலாமா?"

"எடுக்காதே" என்றேன். ஏன் என்று கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல, எழுதித் தருகிறேன் என்றேன்.

"ஐயோ, நோட் ஃபைல் மாதிரி நீளமா அனுப்பிடாதீங்க மேடம்" என்று சிரித்தார். கிட்டத்தட்ட அப்படித்தான் வந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தொடக்க ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. என் நைனா தொண்டூர்ப் பக்கத்தில் மற்றவர் நிலங்களில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கியும் நாற்று கட்டியும் எங்களைப் படிக்க வைத்தார். வரலாற்றில் பட்டம் பெற்றேன், தட்டச்சு முடித்தேன், தேர்வு எழுதினேன். வேலை கிடைத்தது செஞ்சியிலேயே, வீடில்லாக் குடும்பங்களுக்கு மனைப்பட்டா வழங்கும் ஒரு சிறு அலுவலகத்தில். துறையின் பெயர் இங்கே தேவையில்லை. எங்கள் குடும்பத்துக்கென்று முதன்முதலாக இருந்த மண்ணும் அப்படியொரு பட்டாவில் வந்த மூன்று சென்ட் மனைதான். ஆகவே அந்தக் காகிதத்துக்கு என்ன எடை என்பதை நான் எந்தப் பயிற்சியிலும் கற்க வேண்டியிருக்கவில்லை.

யாரும் விரும்பாத பதிவறையில் என்னை உட்கார வைத்தார்கள். அதன் மேற்கு ஜன்னல் ராஜகிரியைப் பார்த்தது. மலையுச்சியில் மேகம் கவிழ்ந்தால் கால் மணி நேரத்தில் சாரல் வந்துவிடும். அதற்குள் கீழ்த்தட்டுக் கட்டுகளை உள்பக்கம் நகர்த்த வேண்டும். முதல் மூன்று ஆண்டுகள் நகர்த்தினேன், தும்மினேன், கட்டினேன், அவிழ்த்தேன்.

அந்த அறையின் சட்டம் முழுவதும் முடிவுக்குறியில் அடங்கியிருந்தது. ஒரு கோப்பில் வேலை முடிந்ததும் அதன் மேலட்டையில் ஒரு குறி இடுவோம். அது கோப்பு எவ்வளவு காலம் வாழ வேண்டும் என்பதைச் சொல்லும். நிரந்தரமாக வைக்க வேண்டியது ஒன்று. பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு வைத்து அழிக்க வேண்டியவை மற்ற மூன்று. ஐந்தாவதாகவும் ஒரு குறி உண்டு. வேறோர் அலுவலகம் ஒரு கோப்பை நம் ஆணைக்காக அனுப்பும். நாம் அதன் மேலேயே ஆணையை எழுதி, கோப்பு முழுவதையும் அனுப்பியவருக்கே திருப்பிவிடுவோம். நம்மிடம் ஒரு தாளும் தங்காது. தன்பதிவேட்டில், அதாவது ஒவ்வோர் எழுத்தரும் தம்மிடம் வரும் கடிதங்களை வரிசையாகப் பதியும் பெரிய புத்தகத்தில், ஒரே ஒரு வரி இருக்கும்: இன்ன எண்ணில், இன்னாருக்கு, அசலாகத் திருப்பியது.

என் பணிக்காலத்தில் ஒன்பது அதிகாரிகளைப் பார்த்தேன். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். தனி அலுவலராக வந்த அப்பாண்டைராஜன் மேல்சித்தாமூரைச் சேர்ந்த சமணக் குடும்பத்தவர். பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர். அதனால் எங்கள் ஆய்வுக் கூட்டங்கள் ஐந்தரை மணிக்கு மேல் ஒருநாளும் நீண்டதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு அலுவலகத்தில் எதிரிகள் இல்லை என்று சொல்வார்கள். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். குரல் உயராது. எதைச் சொன்னாலும் "ஆதாரம் இன்னா?" என்று கேட்பார், ஏதோ நேரம் என்ன என்று கேட்பதைப்போல.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு விண்ணப்பத்தை நிராகரித்துக் கையெழுத்திடும் முன், பச்சை மைப் பேனாவை மூடி கீழே வைத்துவிட்டு, விண்ணப்பித்தவரின் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர் மூன்றையும் வாய்விட்டு வாசிப்பார். அதன் பிறகே பேனாவைத் திறப்பார். புதிதாக வந்தவர்கள் இதைக் கண்டு வாயைப் பொத்திச் சிரிப்பதுண்டு. நானும் ஒருமுறை, "எதுக்கு சார் சத்தமா படிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"மனசுக்குள்ள படிச்சா அது வெறும் எழுத்து, விமலா. சத்தமா படிச்சா ஆளு எதிர்ல வந்து நின்னுடறான். நின்னப்புறம் இல்லன்னு சொல்லணும்னா கொஞ்சம் யோசிக்கத் தோணுது" என்றார்.

நான் ஓய்வுபெறும் ஆண்டில்தான் எல்லாம் கணினிக்கு மாறியது. நிரந்தரக் கோப்புகளை ஒரு நிறுவனம் வந்து ஸ்கேன் செய்தது. அவை விழுப்புரத்தில் இருந்து நிர்வகிக்கப்பட்ட ஆவணத் தளம் ஒன்றில் ஏறின. அதே சமயம் எங்களுக்கு ஒரு மென்பொருளும் தந்தார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் கட்டங்களை இழுத்து வைத்து, அம்புக்குறிகளால் சேர்த்து, தமக்கு வேண்டிய செயலியைக் கட்டிக்கொள்ளலாம். லோ-கோடு என்றார்கள். மூன்று நாள் பயிற்சிக்கு அலுவலகத்துக்கு ஒருவர் போக வேண்டும். ஓய்வுபெறப் போகிறவருக்கு எதற்கு என்று எல்லோரும் சொன்னபோது, "பதிவறை தெரிஞ்சவங்க போகட்டும்" என்று அப்பாண்டைராஜன் என் பெயரை எழுதினார்.

எனக்கு அது பிடித்துப்போனது. ஐம்பத்தொன்பது வயதில், ஒரு வரி நிரல் எழுதாமல், வேலை செய்யும் ஒரு செயலியைக் கட்டினேன் என்பதை இன்றும் பெருமையோடு சொல்கிறேன். வீடு கட்ட அரசு தரும் மானியத்துக்கு ஒருவர் விண்ணப்பித்தால், அவரிடம் உள்ள மனைப்பட்டா உண்மையானதுதானா என்று எங்கள் கோப்போடு ஒப்பிட்டுச் சொல்வது எங்கள் பொறுப்பு. போலிப் பட்டாக்கள் புழங்கியதால் வந்த விதி அது. கையால் பார்த்தால் ஒரு விண்ணப்பத்துக்கு அரை நாள். என் செயலி ஆவணத் தளத்தோடு பேசி, அதே கோப்பை நொடியில் திரைக்குக் கொண்டுவர வேண்டும்.

பேச வைப்பதுதான் கடினம். ஆவணத் தளத்தில் எங்கள் செயலியைப் பதிவு செய்து அதற்கென ஒரு சாவி பெற வேண்டும். சாவி என்பது எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட கோவை. ஒரே ஒருமுறைதான் திரையில் தெரியும். எழுதிக்கொள்ளாமல் மூடினால் போயிற்று. நான் இரண்டு முறை மூடினேன். விழுப்புரத்தில் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்ட பொறியாளர் உதயகுமார் மூன்றாம் சாவியைத் தந்தபோது, "மேடம், இதையாவது முந்தானையில முடிஞ்சு வெச்சுக்குங்க" என்றார். செயலிக்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும், திருத்தும் உரிமையோ அழிக்கும் உரிமையோ வேண்டாம் என்று நான் எழுதிக் கேட்டேன். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "இதை யாருமே கேக்க மாட்டாங்க மேடம்" என்றார்.

முதல் சோதனையில் சிங்கவரம் ஊர் முழுவதற்கும் 'இல்லை' என்று வந்தது. சிங்கவரக் கோப்புகளை என் கையால் கட்டியவள் நான், அவை இருக்கின்றன. இரண்டு நாள் தேடியபின் காரணம் தெரிந்தது. ஆவணத் தளம் ஒரு கேள்விக்கு முதல் நூறு கோப்புகளை மட்டும் அனுப்பிவிட்டு நின்றுகொள்ளும். அடுத்த நூறு வேண்டுமென்றால் மறுபடி கேட்க வேண்டும். என் செயலி ஒருமுறை கேட்டுவிட்டுத் திருப்தியடைந்திருந்தது; சிங்கவரம் அந்த முதல் நூறுக்குப் பின்னால் இருந்தது. பட்டியல் தீரும்வரை கேட்கும்படி ஒரு சுற்றைச் சேர்த்தேன். சிங்கவரம் முழுவதும் 'இருக்கிறது' என்று பச்சையாக வந்தபோது அலுவலகமே என் மேசையைச் சூழ்ந்து கைதட்டியது.

அப்பாண்டைராஜனும் வந்து பார்த்தார். "சிங்கவரம் இல்லன்னு சொன்னப்ப, அது பொய்யின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்தக் கட்டை நான்தான் சார் கட்டினேன். இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"சரி. நீங்க மறந்துபோன கட்டு ஒண்ணு இருந்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செயலி நடைமுறைக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்து அவர் மறுபடியும் கேட்டார்: "பதினஞ்சு நாளா ஒரு நிராகரிப்புகூட எங்கிட்ட வரலியே, ஏன்?"

"கோப்பு இருந்தா அடுத்த மேசைக்குப் போயிடும் சார். இல்லன்னா செயலியே நிராகரிச்சு, மெசேஜும் அனுப்பிடும். உங்களுக்கு வேலை மிச்சம்" என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

அஞ்சலை வந்தது ஒரு புதன்கிழமை. தொண்டூர்ப் பக்கத்து ஏரிக்கரைக் குடியிருப்பைச் சேர்ந்தவர்; நாற்பத்தைந்து வயது இருக்கும்; களை வெட்டும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார், காலில் மண் காய்ந்திருந்தது. அந்த ஆண்டின் மானியப் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடப்பட இருந்தது. என் மேசையில் ஒரு கைபேசியையும் ஒரு லேமினேட் செய்த காகிதத்தையும் அருகருகே வைத்தார்.

"எம் பொண்ணு படிச்சுச் சொன்னா. 'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, காரணம் ஆவணம் இல்லை'ன்னு. அப்ப இது இன்னா மேடம்?"

காகிதம் பட்டாதான். எங்கள் அலுவலக முத்திரை தெளிவாக இருந்தது. எண்ணைச் செயலியில் இட்டுப் பார்த்தேன். சிவப்பு.

"கம்ப்யூட்டர்ல இல்லம்மா" என்றேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசும்.

"கம்ப்யூட்டரா எனக்குப் பட்டா குடுத்துச்சு? ஒரு அம்மா வந்து குடுத்தாங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு. எம் பேரை ரெண்டு தடவை கேட்டுக்கினு எழுதினாங்க. பட்டா குடுத்தது நீங்க, இப்ப இல்லன்றதும் நீங்க. நடுவுல நாங்க இன்னா பண்ணோம்? போன மழையில சொவரு ஆட்டு மேல வுழுந்துது. இந்த மழையில எம் பொண்ணு மேல வுழட்டும்னு இருக்கீங்களா?"

அந்தக் காலத்தில் நான் ஒல்லிதான். கண்ணாடி அப்போதே உண்டு.

அவரை உட்கார வைத்துவிட்டு, செயலி நிராகரித்தவர்களின் பட்டியலைத் திறந்தேன். ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து மட்டும் பதினேழு பேர். எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு முத்து விடாமல் கோத்ததுபோல இருந்தன. போலிப் பட்டா இப்படி வரிசையாக வராது. முதலில் நூறுக்கு மேல் கேட்கும் சுற்று பழுதாகிவிட்டதோ என்று சோதித்தேன். அது சரியாக இருந்தது. பதிவறைக்குப் போனேன். ஒரு கட்டு தொலைந்திருந்தால் அலமாரியில் அதன் அளவுக்கு இடைவெளி இருக்கும், அல்லது பக்கத்துக் கட்டுகள் சாய்ந்திருக்கும். இடைவெளி இல்லை. சாய்வும் இல்லை. அப்படியென்றால் அந்தக் கட்டு அங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

அப்போதுதான் அலமாரியின் உச்சியில் கிடந்த பழைய தன்பதிவேடுகளை ஏணி போட்டு இறக்கினேன். அவற்றை யாரும் ஸ்கேன் செய்யவில்லை. ஒப்பந்தத்தில் கோப்புகள் மட்டுமே இருந்தன, பதிவேடுகள் இல்லை. நான்காவது புத்தகத்தில் அந்த வரி கிடைத்தது. ஏரிக்கரைப் பயனாளிகள் பதினேழு பேர், ஆணை மேலெழுதப்பட்டது, கோப்பு நில எடுப்புப் பிரிவுக்கு அசலாகத் திருப்பப்பட்டது, அனுப்புகை எண் இன்னது. கையெழுத்து என்னுடையது.

எல்லாமே சரியாகத்தான் நடந்திருந்தது. மனைக்கான நிலத்தை எடுத்த பிரிவு தன் கோப்பை அனுப்பியது, நாங்கள் ஆணை எழுதித் திருப்பினோம். தவறு அங்கே இல்லை. ஸ்கேன் செய்ய வந்தவர்கள் என்னிடம் கோப்பு வகைகளின் பட்டியல் கேட்டபோது, நான் நான்கு குறிகளை மட்டும் சொன்னேன். ஐந்தாவதற்குத் தாள் கிடையாது. ஸ்கேன் செய்ய ஒன்றுமில்லை. எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். பிறகு அதே நான்கு வகைகளை வைத்துச் செயலியைக் கட்டினேன். கோப்பு காணாவிட்டால் நிராகரி என்ற கட்டத்தை இழுத்து வைத்ததும் என் விரல்தான். கையில் கோப்பு இல்லாதபோது அது எங்கே போனது என்று கேட்கக் கற்றவள், அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத ஒன்றைக் கட்டி, அதற்குக் கைதட்டலும் வாங்கியிருந்தேன்.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாண்டைராஜன் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"ஆதாரம் இன்னா?"

பதிவேட்டைத் திறந்து காட்டினேன். வரியை விரலால் தொட்டுப் படித்தார்.

"யார் கையெழுத்து இது?"

"என்னுது சார்."

"நல்ல கையெழுத்து." வரியிலிருந்து விரலை எடுக்காமலே, "இந்தப் பதினேழு பேரையும் யாரு நிராகரிச்சது?" என்று கேட்டார்.

"செயலி, சார்."

"செயலிக்கு நான் கையெழுத்துப் போடற அதிகாரம் குடுத்தேனா?"

"நான் குடுத்துட்டேன் சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நில எடுப்புப் பிரிவு எப்போதோ கலைக்கப்பட்டு, அதன் கோப்புகள் திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய்விட்டன என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, தனி ஆள் மூலம் என்று மேலே குறித்து என்னிடமே கொடுத்தார். "நாளைக்குக் கோப்போட வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

வியாழக்கிழமை காலைப் பேருந்தில் ஏறினால் அஞ்சலை முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எதுக்கும்மா வரீங்க?"

"நீங்க பாட்டுக்குப் போயி, அங்கயும் இல்லன்னு கேட்டுக்கினு வந்துட்டா? ஒரு ஆளாவது சண்டை போட வேணாமா?" என்றார். பிறகு எனக்கும் சேர்த்துப் பயணச்சீட்டு வாங்கினார். நான் கொடுத்த காசை வாங்க மறுத்தார்.

திண்டிவனத்துப் பதிவறையைப் பார்த்துக்கொண்ட தனசேகர் கடிதத்தைப் படித்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "நில எடுப்புக் கட்டா? வந்து எறக்கினதோட சரி. லிஸ்ட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. இத்தினி வருஷமா யாரும் வரல, எலிங்க நிம்மதியா இருந்துது. இப்ப அதுங்களுக்கும் டென்ஷன்."

"எலிக்குச் சொந்தமா வீடு இருக்குது. எனக்கு இல்லியே" என்றார் அஞ்சலை. தனசேகர் சிரித்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

பின்கட்டில் இருநூறு கட்டுகளாவது இருக்கும். மேலட்டைகள் பல கரைந்திருந்தன. கோப்பு எண்ணைக் கொண்டு தேடுவதில் பயனில்லை என்று சற்று நேரத்தில் தெரிந்தது. அந்தப் பிரிவு எண்வாரியாகக் கட்டவில்லை, ஊர்வாரியாகக் கட்டியிருந்தது. நானும் தனசேகரும் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து ஊர்ப் பெயர் பார்த்தோம். அஞ்சலைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும். அவர் நாங்கள் பார்த்து முடித்த கட்டுகளை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு யாருக்கும் நினைவில்லை.

மூன்று மணிக்கு மேல் இருக்கும். "மேடம், இது எங்க ஏரி" என்று குரல் கேட்டது.

எழுத்து அழிந்ததால் தனசேகர் ஒதுக்கிய கட்டு அது. அதிலிருந்து ஒரு மனை வரைபடம் நழுவித் தரையில் விரிந்திருந்தது. அஞ்சலை அதன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"கரை இங்க வளையுது பாருங்க. இது மதகு. மதகுலேர்ந்து ரெண்டாவது கட்டம் எங்கூட்டுது. பக்கத்துல பூங்காவனம். அந்தாண்ட கோடியில கிணறு, அதுல இப்ப தண்ணி இல்ல." மையால் வரைந்த பதினேழு கட்டங்களையும் விரல் வைத்து, ஒவ்வொரு வீட்டுக்காரர் பெயராகச் சொல்லிக்கொண்டே போனார். நான் வரைபடத்தின் கீழிருந்த கோப்பைத் திறந்தேன். என் அலுவலகத்தின் பழைய முத்திரை. அதன் கீழே அன்றைய அதிகாரியின் பச்சைக் கையெழுத்து. பெயர்கள் அஞ்சலை சொன்ன வரிசையிலேயே இருந்தன.

கோப்பை வெளியே கொடுக்க அங்கிருந்த அதிகாரியின் ஒப்பம் வேண்டும்; அவர் கூட்டத்திலிருந்து வர ஐந்து மணி ஆயிற்று. கோப்பு இருந்த இடத்தில், யார் எடுத்தது, எங்கே போகிறது என்று எழுதிய சீட்டு ஒன்றை வைக்கச் சொன்னேன். "பதிவறைக்காரங்கன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்குது உங்களுக்கு" என்றார் தனசேகர், எழுதிக்கொண்டே.

செஞ்சியில் இறங்கும்போது ஆறே முக்கால். கோட்டை மதில்களின்மேல் வெளிச்சம் போய்விட்டிருந்தது. அலுவலகத்தில் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. அப்பாண்டைராஜன் மேசையில் அவருடைய சாப்பாட்டு அடுக்கு திறக்கப்படாமல் இருந்தது. அன்று அவர் பட்டினி.

கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். பதிவேட்டின் வரியோடும் அஞ்சலையின் பட்டாவோடும் ஒப்பிட்டார். பிறகு பேனாவை மூடிக் கீழே வைத்தார். பதினேழு பெயர்களையும் ஒவ்வொன்றாக, கணவர் பெயர், ஊரோடு வாசிக்கத் தொடங்கினார். ஒப்புதல் தரும் முன் அவர் அப்படி வாசித்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

"அஞ்சலை, கணவர் ஏழுமலை, ஏரிக்கரை."

"இருக்கேன்" என்றார் அஞ்சலை. வாசலருகே நின்றிருந்தவர் தம்மையறியாமல் ஓரடி முன்னே வந்துவிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு பெயருக்கும் அவரே பதில் சொன்னார். "அது எங்க பெரியம்மா, இருக்குது." "அவ பெங்களூர்ல சித்தாள் வேலைக்குப் போயிருக்கா, பொங்கலுக்கு வந்துடுவா." "பூங்காவனம் செத்துட்டா சார். அவ புள்ள இருக்கான்." அந்தப் பெயரில் அப்பாண்டைராஜன் நின்றார். வாரிசுச் சான்று கேட்டு அந்த மனையை உயிரோடு வைக்கும்படி ஓரத்தில் ஒரு வரி எழுதினார். பதினேழாவது பெயர் முடிந்ததும் பேனாவைத் திறந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கோப்பை நாங்களே ஸ்கேன் செய்தோம். என் செயலிக்குப் பார்க்கும் உரிமை மட்டும்தானே. ஏற்ற வேண்டியவர் உதயகுமார். பத்து மணிக்கு ஏற்றினார். "இப்ப தட்டிப் பாருங்க மேடம்" என்றார் தொலைபேசியில். ஏரிக்கரை என்று தட்டினேன். பதினேழு வரிகளும் பச்சை. நிராகரிப்பை ரத்து செய்யும் ஆணையை அப்பாண்டைராஜன் கையெழுத்திட்டு அனுப்ப, மதியம் ஒரு மணிக்குள் பதினேழு பேரும் பட்டியலில் ஏறினார்கள். பட்டியல் மூட இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

அஞ்சலை அழைத்தார். "மெசேஜ் வந்துடுச்சு மேடம். இந்தத் தடவை பொண்ணை ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னேன்." பின்னால் பெண்கள் பலர் ஒரே சமயத்தில் பேசுவது கேட்டது. யாரோ ஒருத்தி, "ஒல்லியா இருந்த அம்மாவா? இப்ப எப்படி இருக்காங்களாம்?" என்றாள். அஞ்சலை என்ன பதில் சொன்னார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அலுவலகத்தில் அன்று யாரும் கைதட்டவில்லை. ஆனால் என் பணிக்காலத்தில் நான் முழுமையாக வென்ற நாள் எது என்று யாராவது கேட்டால், அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்வேன். எனக்கு மிச்சமிருந்த மாதங்களில் எல்லாத் தன்பதிவேடுகளையும் வரி வரியாகப் படித்து, அசலாகத் திருப்பிய கோப்புகள் ஒவ்வொன்றும் எங்கே போனது என்று கண்டு எழுதி, செயலியின் கோப்பு நிலைப் பட்டியலிலும் ஐந்தாவதாக அந்தக் குறியைச் சேர்த்தேன். நான் விடைபெற்ற வாரத்தில் ஏரிக்கரையில் பதினாறு வீடுகளுக்குக் கடைக்கால் தோண்டியிருந்தார்கள். பூங்காவனத்தின் மகனுடையது சான்று வந்ததும் அடுத்த மாதம் தொடங்கியது.

ரம்யா, ஐந்தாவது குறியை யாரும் தொடுவதில்லை என்று சொன்னீர்கள். எங்கள் பதிவேடுகளில் கண்டவற்றையெல்லாம் தேடி முடித்துவிட்டதால்தான் அது சும்மா இருக்கிறது. நம் பதிவேட்டில் ஏறாமல் போன ஒரு கோப்பின் பட்டாவோடு ஒருவர் நாளைக்கு உங்கள் மேசைக்கு வரலாம். அவருக்காக அது அங்கேயே இருக்கட்டும். திரை சற்று நெரிசலாகத்தான் இருக்கும்.

அந்த வாரத்துக்குப் பின், இந்தக் குறியைத் தவிர, செயலியில் மாறியவை இரண்டு. கோப்பு காணாவிட்டால் அது நிராகரிப்பதில்லை; கோப்பு எங்கே போயிருக்கலாம் என்ற கேள்வியோடு ஒரு மனிதரின் மேசைக்கு அனுப்புகிறது. அந்த மனிதர் தேடியபின்னும் நிராகரிக்க நேர்ந்தால், விண்ணப்பித்தவரின் பெயரையும் தந்தை அல்லது கணவர் பெயரையும் ஊரையும் தம் கையால் முழுமையாகத் தட்டச்சு செய்த பிறகே பொத்தான் திறக்கிறது.